பக்கத்தில் இருப்பதைக் கெடுக்காத சிமெண்ட்

...குளித்துவிட்டுத் தொடு என்று மாமியார் சொன்னால் சரி, நாத்தனாரின் பச்சைக் குழந்தை, யாரிடமும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் நான் ஏன் இரண்டாவது முறை சோப்பு போடுகிறேன்? திருபுவனை லேபில் நான் தொடுவது சிமெண்ட், சிலிக்கா தூள், தண்ணீர், அவ்வளவுதான்... என்றைக்கோ எங்கேயோ பாறைக்கடியில் சுரங்கம் தோண்டி அணுக்கழிவைப் புதைப்பார்களாம், சுற்றிலும் களிமண் அடைப்பார்களாம், சாதாரண சிமெண்டின் காரம் அந்தக் களிமண்ணைக் கெடுத்துவிடுமாம், அதனால் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்காத சிமெண்ட் ஒன்று வேண்டும், அதற்குத்தான் க்யூப் க்யூபாக வார்த்து, ஊறப்போட்டு, உடைத்துப் பார்க்கிறோம். கழிவு ஒரு சிட்டிகைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. மாமியாரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. "சிமெண்ட்டுன்னா கொத்தனாரு போதாதா, உன்ன இன்னாத்துக்குடி கூப்டுறான்?" என்கிறார்.

அவரைச் சொல்லி என்ன, "பொண்ணு அணுசக்தி ஆராய்ச்சியில இருக்குது" என்று நிச்சயத்தன்று வில்லியனூர் முழுக்க அளந்தது அவர் பிள்ளைதானே, என் வீட்டுக்காரர் அருள்தாஸ், அப்போது சிமெண்ட் என்று வாயைத் திறக்க விட்டாரா என்னை? இரண்டு முறை கரு கலைந்ததும் அதே அணுசக்தி என் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார், இவரும் தலையை ஆட்டினார், வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது, "எதுக்கும் வேலைய வுட்டுடேன் லில்லி" என்றார். எதுக்கும்! அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை வெறுக்கிறேன்... நாளைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். முடியாது. நாத்தனார் ஜோஸ்பின் பிரசவமாகி வந்த நாளாகப் பிள்ளையை என்னிடம் கொடுக்கவில்லை, இன்று தூக்கியே தீருவது, எல்லோர் கண் முன்னாலும் தூக்கி வைத்துக்கொண்டு, வேலையை விடமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடுவது.

தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வருகிறேன், அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, மாமியார்தான் எழுந்திருக்கிறார், "ஈரத்தோட வராதடி, அப்புறம் பாத்துக்கலாம்." நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஜோஸ்பினை. "நீ சும்மா இரும்மா. அண்ணி, புடிங்க" என்று பிள்ளையை நீட்டுகிறாள், அது கொட்டாவி விடுகிறது, பால் வாசனை... யாரும் தடுக்கவில்லை, மாமியார்கூட நகர்ந்து வழி விடுகிறார், என் கைகள்தான் துண்டில் துடைத்துக்கொண்டே இருக்கின்றன, துடைத்துக்கொண்டே... "வேணாம் ஜோஸ்பின், எதுக்கும் நாளைக்குத் தூக்கறேன்" என்கிறேன். எதுக்கும்... அதைச் சொன்னது நானா?