இந்த வீட்டில் வசிப்பவர்

“இடது பக்கம் திரும்புன்னு போட்டிருக்கு, நீ என்னடான்னா—”

“திரும்பிட்டேன்க்கா, இதுக்கு மேல திரும்பினா கழுத்து—”

“அது வலதுடி. நீ சாப்பிடற கைப் பக்கம்.”

“ஃபோன்ல எல்லாம் மாறித்தானே தெரியுது, நான் எதைன்னு—”

“பேசாதே. பேசினா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கச் சொல்லுது.”

சமையலறை ஜன்னலுக்கு நேராக ஸ்டூலைப் போட்டு, ஃபோனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சின்னவள். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி பெரியவள். ஓரகத்திகள் இரண்டு பேரும் அரை மணி நேரமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆன்லைன் வங்கி ஒன்றில் சின்னவள் பேருக்குக் கணக்குத் தொடங்க வேண்டும். அதற்கு முகத்தைக் காட்ட வேண்டும். முகத்தைக் காட்டக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் திரையில் இருப்பது எழுத்தா எறும்பா என்று சின்னவளுக்குத் தெரியாது. அதனால் பெரியவள் பின்னால் நின்று வாசித்தாள். பின்னால் நின்றால், படத்தில் இரண்டு முகங்கள் இருக்கின்றன என்று அது நிறுத்திக்கொண்டது.

நான்கு தடவை இப்படி ஆனதும் பெரியவள் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டாள். புடவையைச் சொருகிக்கொண்டு சமையல் மேடைக்குக் கீழே, காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து உத்தரவு போட்டாள். இடது. வலது. மேலே பார். கண்ணை மூடித் திற.

“இப்போ சிரி.”

“எதுக்குக்கா?”

“பேங்க் சிரிக்கச் சொல்லுது, சிரியேன். எனக்கு முட்டி வலிக்குது.”

சின்னவள் சிரித்தாள். ஃபோன் டிங்கென்றது. பச்சை நிறத்தில் ஏதோ தெரிந்தது. பெரியவள் மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்து, நீ நீதான் என்று பேங்க் ஒத்துக்கொண்டுவிட்டது என்றாள்.

சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வேலை. வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு விளிம்பு தேய்த்து, ஒரு மயிரிழை கூட ஆடாமல் உட்கார வைப்பாள். ஊரில் பாதிப் பேர் அவள் தேய்த்ததைப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறார்கள். பதினான்கு வருஷமாக அவள் சம்பளம் அவளுடைய கணவரின் அண்ணன் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் சதி செய்து அப்படி வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது பழைய முதலாளி, வீட்டுப் பெரியவர் கணக்கு நம்பரைக் கொடும்மா என்றார், கொடுத்தாள். அவ்வளவுதான். பெரியவரும் கெட்டவர் இல்லை. கேட்டால் இல்லை என்று சொன்னதே கிடையாது. எதற்கு என்று மட்டும் கேட்பார். போன வருஷம் அவள் தன் கண்ணாடிக்குப் புது ஃபிரேம் வேண்டும் என்றபோதும் அப்படித்தான் கேட்டார். காதுப்பக்கம் நூல் சுற்றியிருந்ததைக் காட்டினாள். நல்லாத்தானே சுத்தியிருக்கே என்று பாராட்டினார்.

இப்போது கடை முதலாளியின் மகள் கைக்கு வந்திருந்தது. அந்தக் கடைக்காரம்மா வந்த மாதமே சொல்லிவிட்டாள்: இனிமேல் சம்பளம் வேலை செய்கிறவர்களுடைய சொந்தக் கணக்குக்குத்தான். சனிக்கிழமைக்குள் நம்பர் வேண்டும். கொடுக்காதவர்களுக்குப் பழையபடி போய்க்கொண்டிருக்கும், பிறகு தன்னிடம் வந்து புலம்பக் கூடாது. அப்போதுதான் சின்னவளின் கண்ணில் அந்த விளம்பரம் பட்டது. ஐந்து நிமிடத்தில் கணக்கு. எங்கேயும் போக வேண்டாம், யாரையும் அழைத்து வர வேண்டாம். யாரையும் அழைத்து வர வேண்டாம் என்பதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

முகம் முடிந்தது. அடுத்து விலாசம். அடையாள அட்டையில் இருந்தது அவளுடைய பிறந்த வீட்டு விலாசம். அந்த வீட்டை இடித்து இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். பரவாயில்லை, தற்போது வசிக்கும் வீட்டுக்கு, விண்ணப்பிப்பவரின் பெயர் போட்ட பில் ஏதாவது ஒன்று போதும் என்றது வங்கி.

“ஒண்ணுதானே,” என்றாள் பெரியவள்.

இருவரும் பெரியவரின் பீரோவைத் திறந்தார்கள். அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். வீட்டுக் காகிதங்களையும் பஸ் புறப்படும் வரிசை மாதிரிதான் வைத்திருப்பார். கரண்டு பில்லில் பெரியவர் பேர். தண்ணீர் பில்லில் பெரியவர் பேர். காஸ் புத்தகத்தில் அவர்தான், வீட்டிலிருக்கும் நான்கு ஃபோன்களும் அவர் பேரில்தான். வீட்டு வரி மட்டும் வேறு பேருக்கு வந்துகொண்டிருந்தது. மாமனார் பேருக்கு. மாமனார் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

“செத்தவருக்குக் கூட இங்க இருக்கறதுக்கு அத்தாட்சி இருக்கு,” என்றாள் சின்னவள்.

அடியில் ஒரு மஞ்சள் அட்டை கிடைத்தது. நாய்க்கு ஊசி போட்ட அட்டை. நாயின் பேர், நிறம், வயது, வீட்டு எண், தெரு, எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது.

“இதுக்கு அக்கவுண்ட் கிடைக்கும்டி,” என்றாள் பெரியவள். இருவரும் பீரோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. சிரித்து முடித்த பிறகும் பெரியவள் பீரோவை மூடவில்லை. ஒவ்வொரு கட்டாக மறுபடி எடுத்து, பிரித்து, பார்த்து, இருந்த இடத்தில் வைத்தாள். இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் இருப்பவள் அவள். தேடியது சின்னவளுக்காக இல்லை.

“எனக்கும் ஒண்ணும் இல்ல,” என்றாள் கடைசியில், கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்லும் குரலில்.

வங்கியின் குறிப்பில் இன்னொரு வழி இருந்தது. பில் இல்லாதவர்கள், வீட்டுக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை அனுப்பலாம்.

புதன்கிழமை சாயங்காலம் விஷயம் பெரியவர் காதுக்குப் போனது. அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கடிதம் எழுதுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. டிப்போவில் லீவு வேண்டியவர்கள் எல்லாம் அவரிடம்தான் எழுதி வாங்குவார்கள். சம்பளம் இடம் மாறப்போகிறது என்பதை அவர் யோசிக்காமல் இல்லை. ஆனால் எந்தக் கணக்கானால் என்ன, பாஸ்வேர்டை நம் பீரோவில் வைத்துவிட்டால் போயிற்று என்று தனக்குள் தீர்த்துக்கொண்டார். கோடு போட்ட தாள் எடுத்து, ஓரம் மடித்து, எழுதி, எல்லாருக்கும் படித்தும் காட்டினார். மேற்படி விலாசத்தில் என் தம்பியின் மனைவி கடந்த பத்தொன்பது வருடங்களாக என் பொறுப்பில் வசித்து வருகிறார் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். வருகிறார் என்று மரியாதையாகவே போட்டிருந்தார். சின்னவளின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர், அண்ணன் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்றார். சின்னவளுக்கும் குறை ஒன்றும் தோன்றவில்லை. படம் பிடித்து அனுப்பிவிட்டுத் தூங்கப் போனாள்.

பதில் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. அவள் அப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். விண்ணப்பிப்பவரின் பெயர் கடிதத்தில் இல்லை. ஆகவே தங்களுக்குப் புதிய கணக்குத் தொடங்க இயலவில்லை. திருத்திய கடிதத்துடன் மீண்டும் ஒரு முறை முயலலாம்.

அவள் முகத்தைப் பார்த்துக் கடைக்காரம்மா வந்து ஃபோனை வாங்கிப் படித்தாள். கடிதத்தையும் படித்தாள். பேரைத் தவிர எல்லாம் இருந்தது.

“உங்க வீட்ல உங்க பேரு யாருக்கும் தெரியாதா?”

சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் யோசித்தாள். பெரியவருக்கு அவள் சின்னவ. பெரியவளுக்கு, வாடி போடி. பெரியவள் பிள்ளைகளுக்குச் சித்தி. கணவருக்கு, இங்க பாரு. எதிர்வீட்டுக்காரிக்கு லிஃப்ட்காரர் வீட்டம்மா. கடிதத்தை நான்கு பேர் கேட்டார்கள், அவளும் கேட்டாள். ஒருத்தருக்கும், அவளுக்கே கூட, ஒன்று குறைகிறது என்று படவில்லை. அதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நின்றபோது ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தாள்.

“இந்த மாசச் சம்பளத்தைப் பழைய கணக்குக்கு அனுப்பாதீங்கம்மா. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

எத்தனை நாளைக்கு என்று கேட்டாள் கடைக்காரம்மா.

“என் பேருக்கு ஒரு பில் வர்ற வரைக்கும்.”

கடைக்காரம்மா தலையாட்டினாள். சின்னவள் கணவருக்கு ஃபோன் போட்டாள். மின்சார ஆபீஸ் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். மாதத்தில் ஒரு தடவையாவது அது நடுவில் நின்றுவிடும். அங்கே போய்ப் பெயர் மாற்றுகிற படிவம் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். அண்ணன் என்ன சொல்வாரோ என்றார். அண்ணன் சொல்வதை அண்ணன் சொல்லட்டும், நீங்கள் படிவத்தை வாங்கி வாருங்கள் என்றாள். வாங்கி வந்தார். கருவிப் பையில் ஸ்பானருக்கு அடியில் மடித்து வைத்திருந்ததால் ஓரத்தில் கிரீஸ் கறை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பெரியவரிடம் வங்கியின் பதிலைச் சொன்னார்கள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அட, விட்டுப்போச்சு. அதனால என்ன, இன்னொண்ணு எழுதிட்டாப் போச்சு.”

தாளை எடுத்தார், ஓரம் மடித்தார், பேனாவைத் திறந்தார், நிறுத்திவிட்டார். பெரியவள் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில், அவளுக்கு இனிஷியல் அப்பா பேரா, நம்ம தம்பி பேரா என்று கேட்டார். பெரியவள், உங்க தம்பி அங்கதான் உட்கார்ந்திருக்கார், அவரைக் கேளுங்க என்றாள். சின்னவள் அவர்களுக்கு வேலை வைக்காமல் தானே சொன்னாள், எழுத்து எழுத்தாக. பெரியவர் எழுதினார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக. எழுதியதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல பேருதான்,” என்றார்.

“நல்ல பேருதான் மாமா. ஆனா லெட்டர் வேண்டாம். இதுல கையெழுத்துப் போடுங்க.”

கிரீஸ் கறைப் படிவத்தை மேசைமேல் வைத்தாள். மின் இணைப்புப் பெயர் மாற்றம். புதிய பெயருக்கு நேரே அவளே நிரப்பியிருந்தாள். தற்போதைய பெயருக்குக் கீழே கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

பெரியவர் படிவத்தை முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார். கணக்குத்தானே வேண்டும், அதற்கு லெட்டரே போதுமே, பில்லை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றே அவருக்குத் தோன்றியது.

“லெட்டர் போதும் மாமா. ஆனா நாளைக்கு வேற யாராவது கேட்டா மறுபடி ஒரு லெட்டர் வேணும். அதுக்கு நீங்க வீட்ல இருக்கணும், பேனா எழுதணும், அன்னைக்கு உங்க மனசும் நல்லா இருக்கணும்.”

“என் மனசு எப்போ நல்லா இல்லாம இருந்துது?”

யாரும் அதற்கு உதாரணம் சொல்லவில்லை. பெரியவள் மட்டும் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தம்பியைப் பார்த்தார்.

“நீ என்னடா சொல்றே?”

லிஃப்ட்காரர் தன் கைவிரல்களில் இருந்த கிரீஸைப் பார்த்தார். “நான்தாண்ணே வாங்கிட்டு வந்தேன்.”

சம்பளம் இந்த மாதம் வராது, கடையிலேயே இருக்கும், பில் வந்து கணக்குத் தொடங்கின பிறகுதான் எடுப்பேன், வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை அப்போது நானே கொடுப்பேன் என்று சின்னவள் சொன்னாள். சண்டைக்கு நிற்கிற குரல் இல்லை. லென்ஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிற குரல். பெரியவள் மூடி திறந்த பேனாவை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்தாள். அப்படியே, அடுத்த மாசம் தண்ணி பில்லுக்கும் ஒரு ஃபாரம் வாங்கிட்டு வாங்க தம்பி என்றாள், லிஃப்ட்காரரிடம்.

பெரியவர் பேனாவைக் கையில் எடுத்தார். காகிதத்தில் வைக்கவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை; கடைசி பஸ் போய்விட்டது என்று கேள்விப்பட்டவரின் முகம்.

“சரி, மாத்திடறோம்னே வெச்சுக்குவோம். கரண்டு உன் பேர்ல, தண்ணி இவ பேர்ல. நாளைக்கு என்னையே எவனாவது ஒருத்தன், நீ இந்த வீட்லதான் இருக்கேங்கறதுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டா, நான் எதைக் காட்டறது?”

“அதுக்கு ஏன் மாமா கவலைப்படறீங்க. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு நான் லெட்டர் எழுதித் தர்றேன், உங்க பேரைப் போட்டு.”