இடது ஓரத்து ஆள்

ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறாள் அம்மா, பின்னால் துணியில் எழுதிய மேகம், தோளில் கோழி இறகு ஒட்டிய இரண்டு சிறகுகள், கீழே அட்டை மலையில் வாளோடு நிற்கும் இளவரசன் அவளைப் பார்த்து மார்பில் கைவைத்துக்கொள்கிறான், அவனுக்காகத்தான் கருங்கழுகின் கூட்டிலிருந்து உயிர்ப்பூவைப் பறித்துக்கொண்டு பறந்து வருகிறாள், அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்கு எண்பத்தொன்று, என் பேத்தியைவிடச் சின்னவளாக அம்மா சிரிக்கிறாள், அரங்கமும் சிரிக்கிறது, அவளோடு இல்லை, அவளைப் பார்த்து, பின்வரிசையில் ஒருவன் ஏய் கயிறு தெரியுதுடா என்கிறான், அவனோடு வந்தவள் இறகு உதிருது பாரேன் என்று கையைத் தட்டுகிறாள், திரும்பி நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று நாக்கு துடிக்கிறது, ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியாது, நான் படம் பார்க்க வந்தவள் இல்லை, கயிறு அறுந்ததா இல்லையா என்று பார்க்க வந்தவள், ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

படத்தின் பெயர் கந்தர்வத் தீவு, சினிமா பேசாத காலத்தில் எடுத்தது, எல்லாம் எரிந்து போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம், இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிடங்கில் மூன்று ரீல் கிடைத்ததாம், அதைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றிய பெண் நிலோஃபர், பழைய பத்திரிகையில் அம்மா பெயரைப் பார்த்து ராயபுரம் முழுக்க விசாரித்து என் வீட்டுக் கதவைத் தட்டியவள், தனபாக்கியத்தோட பொண்ணு நீங்கதானேம்மா என்று கேட்டாள், அந்தப் பெயரை வெளியாள் வாயில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தனபாக்கியம் என்றால் எனக்குக் கட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிற இடுப்பு, பிறகு சுவரும் உதவாமல் போன இடுப்பு, அவளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிற அப்பா. அப்பா சவரிமுத்து துறைமுகத்தில் கலாசி, கயிறு கட்டிக் கப்பல் சரக்கை ஏற்றி இறக்குகிறவர், கயிறு தெரிந்த ஆள் என்றுதான் சினிமாக்காரர்கள் அவரைக் கூட்டிப் போனார்கள், பறக்கிற பெண்ணை இழுத்துப் பிடிக்க, பிடித்திருந்தார், அவள் விழுந்தாள், இடுப்பு உடைந்தது, எட்டு மாதம் கழித்து அவளையே கல்யாணம் செய்துகொண்டார். ஏம்ப்பா விழுந்தாங்க என்று நான் எப்போது கேட்டாலும், கயிறு அறுந்துபோச்சு என்பார், அதற்கு மேல் ஒரு சொல் வராது, அம்மாவைக் கேட்டால் மேல போனவ கீழ வரணுமில்லடி என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

அவர்கள் அப்படியே என்னை ஏமாற்றியிருப்பார்கள், பக்கத்து வீட்டுப் பாக்கியநாதன் மாமா இல்லாவிட்டால், அவரும் கலாசிதான், ஒருநாள் வெற்றிலை மென்றுகொண்டே, ஆளைத் தொங்கவிடறதுக்கு முன்னாடி கலாசி தான் ஒரு தடவை தொங்கிப் பாப்பான், அது எங்க சத்தியம், உங்கப்பன் தொங்கிப் பாத்த கயிறு எப்படிம்மா அறும் என்றார், சொல்லிவிட்டு எச்சில் துப்பப் போய்விட்டார், எனக்கு அன்றைக்குப் பிடித்த சனி. அதற்குப் பிறகு நான் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த முரட்டுக் கையால் அம்மாவுக்குத் தலை சீவி விடுகிறார், சிக்கெடுக்கிறார், மெதுவா, இது கப்பல் இல்ல என்கிறாள் அம்மா, அவர் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கும்போதெல்லாம் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட்டுடாதீங்க என்பாள், சொல்லிவிட்டுச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அவர் மட்டும் சிரித்ததே இல்லை. அவர் எந்தச் சினிமாவும் பார்த்ததில்லை, தெருவே போய்ப் பார்த்த படத்துக்குக்கூட வரவில்லை, அம்மா போன பிறகு மூன்று வருஷம் உள்ளங்கைகளை மேலே பார்க்க மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அப்படியே போனார், நானும் கேட்காமலே விட்டுவிட்டேன்.

திரையில் கழுகு வந்துவிட்டது, இரண்டு பேர் உள்ளே புகுந்து ஆட்டுகிற துணிக்கழுகு, அரங்கம் அதற்கும் சிரிக்கிறது, அம்மா பூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னும் மேலே எழுகிறாள், அப்போதுதான் பின்வரிசைக்காரன் கத்துகிறான், டேய் அங்க பாரு, லெஃப்ட்ல, ஒரு ஆளு, கோவணத்தோட நிக்கறான்டா, அரங்கமே ஓவென்று எழுகிறது, நான் இடது ஓரத்தைப் பார்க்கிறேன், அப்பா. இருபத்திரண்டு வயது அப்பா, உடம்பெல்லாம் வியர்வை, தலைக்கு மேல் போகிற கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கால் ஊன்றி நிற்கிறார். அந்தக் காலத்துக் கொட்டகை எந்திரத்தில் ஒரு தகரச் சட்டம் படத்தின் ஓரத்தை மறைத்துவிடும், அந்தத் தைரியத்தில்தான் அவரை அவ்வளவு பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், இப்போது துளி மிச்சம் வைக்காமல் முழுப் படத்தையும் ஏற்றிவிட்டார்கள், நூறு வருஷம் யாரும் பார்க்காத மனிதரை முந்நூறு பேர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் நம் பக்கம் திரும்புகிறார், கேமரா பக்கத்தில் யாரோ அவரிடம் ஏதோ சொல்கிறார்கள், மாட்டேன் என்று தலையாட்டுகிறார், மறுபடி சொல்கிறார்கள், மறுபடி தலையாட்டுகிறார், மாட்டேங்கறான்டா, சம்பளம் குடுங்கடா அவனுக்கு என்று பின்னால் ஒரு குரல், மூன்றாம் தடவை அவர் தலையாட்டவில்லை, கைகளை விரிக்கிறார், கயிறு அறுபடவே இல்லை, முழுசாக அவர் உள்ளங்கை வழியாக ஓடுகிறது, அம்மா விழுகிறாள், நிஜமாக விழுந்தால்தான் காட்சி நன்றாக வரும் என்று விடச் சொல்லியிருப்பார்கள், அட்டை மலைக்குப் பின்னால் வைக்கோல் பரப்பியிருப்பார்களாக இருக்கும், அவள் ஒரு முழம் தள்ளி விழுந்திருப்பாள். ஆனால் அதற்கு முன்னால், அப்பா இரண்டாம் தடவை தலையாட்டும்போதே, ஆகாயத்தில் தொங்குகிற அம்மா இடப்பக்கம் திரும்பி அவரைப் பார்க்கிறாள், முகத்தில் சிரிப்பு போய்விடுகிறது, அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விலகுவதைப் பார்த்துக்கொண்டே விழுகிறாள். அவளுக்குத் தெரியும். நாற்பத்தொரு வருஷம் தெரியும், தெரிந்துகொண்டே அவர் பிசைந்த சோற்றை வாங்கித் தின்றாள், விட்டுடாதீங்க என்று காதோரம் சொன்னாள், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே அவர் செத்துப்போனார். பாவி, பாவி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவும் இல்லை.

வெளியே நிலோஃபர் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவள் முகம் வாடியிருக்கிறது, மன்னிச்சுக்கோங்கம்மா, இப்படிச் சிரிப்பாங்கன்னு நெனைக்கல, அந்த ஓரத்து ஆள்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டாரு, ஒரு விரல்கடை அளவு மறைச்சுட்டா தெரியமாட்டாரு, மறைச்சிடவா, அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா என்கிறாள். யாரோ கூலிக்காரன், எனக்கெப்படித் தெரியும் என்றேன், எண்பத்தொரு வயதில் நாக்கு கூசாமல் வந்தது, மறைச்சிடும்மா என்றேன், அவர் மேல் இருந்த ஆத்திரத்தில் சொன்னேனா, அவரை இன்னொரு கூட்டம் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று சொன்னேனா, இரண்டும்தான், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் ஒரு பெண்கள் கல்லூரியில் மத்தியானம் மறுபடி போடுகிறார்கள், நிலோஃபர் வண்டி அனுப்பிக் கூட்டிப் போகிறாள், முதல் வரிசையில் உட்காரவைக்கிறாள், அதே மேகம், அதே இறகு, அதே கழுகு, அங்கங்கே ஒரு சின்னச் சிரிப்பு, பிறகு அதுவும் இல்லை, அம்மா பூவோடு மேலே எழும்போது பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்க்கிறார்கள், இடது ஓரம் கறுப்பாக இருக்கிறது, நேர்க்கோடு போட்டுவிட்ட சுத்தமான கறுப்பு, அவள் விழும்போது ஐயோ என்கிறாள் ஒருத்தி, பிறகு கைதட்டல், என்ன நடிப்பு என்கிறார்கள், நூறு வருஷத்துக்கு முன்னாடி இப்படி நடிச்சிருக்காங்களே என்கிறார்கள். நான் மட்டும் பார்த்தேன், சிரிப்பு போன முகத்தோடு அம்மா இடப்பக்கம் திரும்பி அந்தக் கறுப்பைப் பார்க்கிறாள், அங்கே யாருமில்லை, யாருமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே விழுகிறாள், அவளை நான்தான் அப்படி விழவைத்தேன். பாத்தீங்களாம்மா, ஒருத்தர்கூடச் சிரிக்கலை என்று நிலோஃபர் சந்தோஷமாக என் பக்கத்தில் வந்து குனிகிறாள், அவரைத் திரும்பப் போடும்மா என்கிறேன், யாரை என்கிறாள், அந்த ஓரத்து ஆளை, எங்கப்பாவை என்கிறேன், திரும்பச் சிரிப்பாங்களேம்மா என்கிறாள், சிரிச்சுட்டுப் போகட்டும் என்கிறேன், எங்கம்மா விழும்போது பாத்த மூஞ்சி அது, அவளுக்கு அது வேணும்.