ஓர்லிகோனில் ஒரு சீன மாளிகை

தவராஜா சீனாவுக்குப் போய்வந்த சேதி எனக்கு யாழ்ப்பாணத்திலிருந்துதான் வந்தது. அவனுடைய அப்பா எழுதிய கடிதத்தை அவனே சிரித்துச் சிரித்து எனக்கு வாசித்துக் காட்டினான். சுவிசில், ஓர்லிகோனில் ஒரே அறையில் அவனும் நானும் படுத்தெழும்புகிறோம். ஒரே உணவகத்தில் அவன் கோப்பை கழுவுகிறான், நான் மரக்கறி வெட்டுகிறேன். இவன் எப்போது சீனாவுக்குப் போனான்?

"அந்தப் படம்தான் அண்ணை," என்றான்.

அப்போதுதான் விளங்கியது. அது எண்பத்தாறாம் ஆண்டு. மாசி மாதம் பக்கத்துப் பெரிய கடையொன்றில் சீனச் சாமான்கள் மலிவு விலைக்குப் போட்டிருந்தார்கள். சீன ராசாக்கள் பீக்கிங்கில் இருந்த மாளிகையைப் பெரிய துணியில் வண்ணத்தில் கீறித் தொங்கவிட்டு, முன்னால் சாந்தில் செய்த சிங்கங்களையும் நிறுத்தியிருந்தார்கள். கடைக்கு வருபவர்களை அதன் முன்னால் வைத்து ஒரு பெட்டை படம் பிடித்துக் கொடுத்தாள். நாங்கள் காலுறை வாங்கப் போனவர்கள். தவராஜா என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். எனக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது, மூஞ்சையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

ஊருக்குப் படம் அனுப்பாத எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் சுவிசில் இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரனின் காரில் சாய்ந்து நின்று எடுப்பார்கள், ஊருக்குப் போனதும் அது மகனின் காராகிவிடும். அதையாவது பொறுக்கலாம். இந்தப் பாவி, முதலாளி குடும்பத்தோடு சுற்றுலா போய் ராசமாளிகை பார்த்தேன் என்று எழுதியிருக்கிறான்.

"உனக்கு மண்டைக்குள்ள ஏதேனும் இருக்கோடா? எங்கட பாஸ்போர்ட் பொலிசிட்டக் கிடக்கு. அகதிக் கேஸ் முடியமுதல் எல்லையைத் தாண்டினால் திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள். நீ சீனாவுக்குப் போனனியாம்."

"அப்பர் சந்தோசப்படுறார் அண்ணை. விடுங்கோ."

அவனுடைய அப்பர் மேசன். ஊரில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. நெஞ்சு வருத்தம் வந்தபின் வீட்டோடு இருந்தார். மகன் மாளிகை பார்த்துவிட்டான் என்றதும் மனுசன் விசாரணையைத் தொடங்கிவிட்டார். கூரைக்கு என்ன ஓடு? தூண் கல்லோ மரமோ? மரமென்றால் கறையான் அரிக்காதோ? கடிதத்துக்குக் கடிதம் இதுதான்.

பதில் எழுத வேண்டுமே. தவராஜா நூலகத்திலிருந்து அந்த மாளிகையைப் பற்றிய தடித்த படப்புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்தான். எனக்கு அரைகுறை ஜெர்மன் தெரியும் என்பதால் எழுத்துக்கூட்டி வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மஞ்சள் ஓடு. சிவப்புப் பூசிய மரத்தூண். நெருப்புப் பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்த பென்னம்பெரிய வெண்கலக் கொப்பரைகள். மருந்துக்கும் ஒரு மரமில்லாத முற்றம். அவனைத் திட்டித் திட்டித்தான் வாசித்தேன். கறையானைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் தந்தி வந்தது. அப்பா காலமானார், உடனே வரவும்.

தவராஜா கட்டிலில் இருந்தவன் இருந்தபடியே இருந்தான். அவன் ஒரே ஆண்பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன். "என்னால வர ஏலாது எண்டு அவைக்குத் தெரியும்தானே," என்று என்னைக் கேட்டான். தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ரயில் ஸ்டேஷனில் டெலிபோன் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். ஊரில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு டொக்டரிடம் போன் இருந்தது. சில்லறை போடுவது என் வேலை. தங்கச்சி செல்வராணி ஓடி வந்து எடுத்தாள். அவள் கதைத்தது எனக்கும் கேட்டது.

"எப்ப பிளேன் அண்ணை? பிரேதத்துக்கு மருந்தேத்தி வைச்சிருக்கிறம். நீங்கள் வந்தாப்பிறகுதான் எடுக்கிறது எண்டு ஐயருக்கும் சொல்லியாச்சு."

அங்கே பிரேதம் இவனுக்காகக் காத்திருக்கிறது.

"வர ஏலாது ராணி. வந்தால் திரும்பி இங்க விடமாட்டாங்கள்."

"சீனாவுக்குப் போட்டு வரேக்கை விட்டவங்கள்தானே."

தவராஜா உண்மையைச் சொன்னான். "நான் சீனாவுக்குப் போகேல்லை. அது கடை. துணியில கீறின மாளிகை."



"அப்பாவின்ர பிரேதத்தை நடுவீட்டில வளத்திக் கிடக்கு அண்ணை. இந்த நேரத்திலையும் பொய் சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வருது? மஞ்சள் ஓடு, மரத்தூண், தண்ணிக் கொப்பரை எண்டு எல்லாம் எழுதினனீங்கள். பாக்காமலோ எழுதினனீங்கள்?"

நான் ரிசீவரைப் பறித்தேன். "தங்கச்சி, நான் சண்முகலிங்கம், இவனோட இருக்கிறனான். இவன் சொல்லுறது சத்தியம். அதெல்லாம் புத்தகத்தில நான் வாசிச்சுச் சொன்னது."

"படத்தில மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கிற ஆளோ? நீங்களும் கூடப் போட்டு வந்துதானே இப்ப இப்பிடிக் கதைக்கிறியள்."

என் வாயில் வந்ததோ முழு உண்மை. அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ரிசீவரை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்து வந்தது அவனுடைய அம்மா இராசம்மா.

"மெய்யாவோ மோனை? நீ போகேல்லையோ?"

"போகேல்லை அம்மா. நான் இங்க கோப்பை கழுவுறன்."

"சரி. நான் நம்புறன்." பிறகு குரலைத் தாழ்த்தினா. "ஆனால் இதை வேற ஒருத்தருக்கும் சொல்லாதை. கொப்பர் உசிரோட இருக்கேக்கை கோயில், சந்தி எல்லா இடமும் உன்ர சீனாவைத்தான் சொல்லித் திரிஞ்சவர். இப்ப அந்தப் படம் அவற்ற தலைமாட்டில இருக்கு. வாற சனம் எடுத்து எடுத்துப் பாக்குது. கட்டையில போற மனுசனைப் பொய்யனாக்கிப் போடாதை ராசா. உனக்கு வர ஏலாது எண்டு சனத்துக்குத் தெரிஞ்சால், நீ சீனாவுக்குப் போகாததும் தெரிஞ்சு போகும். வரமாட்டன் எண்டு சொல்லு. பெரியப்பாவின்ர மோன் கொள்ளி வைக்கட்டும்."

நான் அதிர்ந்துபோனேன். பெற்ற தாய், தகப்பனின் கொள்ளிக்கு வராத தறுதலை என்ற பேரை மகனை எடுக்கச் சொல்கிறா. எனக்கு அந்த மனுசியோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. இவன் மறுத்துக் கதைப்பான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ராணியிட்டக் குடுங்கோ அம்மா," என்றான்.

அவள் வந்தாள்.

"நான் சீனாவுக்குப் போனது மெய்தான் ராணி. இப்ப எனக்கு வர வசதிப்படாது. பாத்துக்கொண்டிருக்காமல் பிரேதத்தை எடுங்கோ."

அவள் அழவில்லை.

"இனி எனக்கு அண்ணை எண்டு ஒருத்தர் இல்லை," என்றாள்.

"ஓம்," என்றான் தவராஜா.