தட்டைக் கம்பி

மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் அறிய, இதில் ஒரு சொல்கூடக் கலப்படம் இல்லை. பொய்யென்று நிரூபிப்பவர் என் பென்ஷனை எடுத்துக்கொள்ளலாம்.

கூடத்தில் மாதேஸ்வரனைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து அறையில் அவர் தம்பி மாரிசாமி, அண்ணனின் பேஸ் கிடாரில் இருந்த நான்கு கம்பிகளையும் கட்டிங் பிளேயரால் கத்தரித்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பிகளை மாட்டி முடுக்கிக்கொண்டிருந்தான். ஜெயப்ரியா எட்டிப் பார்த்தாள். விடியற்காலையில் அப்பா போனதிலிருந்து அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"சித்தப்பா! என்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"பழசு சுத்தமா தேஞ்சி போச்சு கண்ணு. தொட்டுப் பாரு, மொழுமொழுன்னு கெடக்குது. பாவம், இத்தன வருசமா இதையே வச்சி ஓட்டியிருக்காரு. கடைசி வாசிப்பாவது நல்ல கம்பில நடக்கட்டும்."

மாரிசாமி ஓசூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மெஷினில் எது வழுவழுப்பானாலும் கழற்றி மாற்றிவிடுகிற கை. இந்தக் கம்பி பிறக்கும்போதே வழுவழுப்பு என்பது அவனுக்குத் தெரியாது. மற்ற கம்பிகளில் மேலே உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அரம் போலச் சொரசொரக்கும், மணி போல ஒலிக்கும். மாதேஸ்வரன் போட்டிருந்ததில் தட்டையான எஃகு நாடாவைச் சுற்றியிருந்தது. விரல் நகர்ந்தால் கீச்சிடாது. 'தும்' என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும்.

அது லேசுப்பட்ட 'தும்' அல்ல. சூளகிரித் திருவிழாவில் அவர் தடித்த கம்பியைத் தொட்ட நேரத்தில், ஹைவேயில் நின்றிருந்த கர்நாடகா லாரி ஒன்று தானாக நியூட்ரலுக்கு வந்து, டிரைவர் இல்லாமலே அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரை போய் ஒழுங்காக வரிசையில் நின்றது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்காரர்கள் தோப்புக்குள் ஸ்பீக்கர் வைத்து அவரை வாசிக்கச் சொல்வார்கள். பழுத்தது மட்டும் விழும். காய் அசையாது.

அவர் வாசித்தது திம்மப்பனின் ஆர்கெஸ்ட்ராவில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆள் போய்விட்டால், தூக்கும்போது அவருடைய வாத்தியத்தை மட்டும், அவர் வாசித்த பங்கை மட்டும், பாட்டில்லாமல் வாசிக்க வேண்டும். அன்று திம்மப்பனே மாதேஸ்வரனுக்காக உட்கார்ந்தார். ஒயரைச் செருகி ஒரு தட்டுத் தட்டினார். 'டிங்ங்ங்' என்று கூடம் முழுக்கச் சிதறியது.

தலைமாட்டில் இருந்த மங்கம்மா நிமிர்ந்தாள்.

"யாருதுப்பா அது?"

"அண்ணனோடதுதான் அண்ணி. கம்பி மட்டும் புதுசு," என்றான் மாரிசாமி.

"இந்தச் சத்தத்துக்கு அவரத் தூக்க உட மாட்டேன்."

அவ்வளவுதான். புருஷன் மேல் போர்த்தியிருந்த வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் மாறிமாறிச் சொன்னார்கள். விரல் விடவில்லை.

"வண்டிய எடுங்க சித்தப்பா," என்றாள் ஜெயப்ரியா. "பெங்களூர்லதான் கெடைக்கும்."

"பொணத்த வச்சிக்கினு பெங்களூருக்கா? ஊரு சிரிக்கும்மா."

"கத்தரிச்சது யாரு?"

மாரிசாமி சாவியைத் தேடினான்.

அது இரண்டாயிரத்து ஏழு. மேம்பாலம் வராத காலம். வழியில் பொம்மசந்திரா நெரிசலில் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் வளைகாப்புக்குத்தான் போய்ச் சேர்வார்கள். மாரிசாமி பிளாட்பாரத்தின் மேலேயே வண்டியை ஓட்டினான்.

கடைக்காரர், "ஃப்ளாட்டா? யாரூ தகொள்ளல்ல மேடம்," என்று கன்னடத்தில் ஆரம்பித்து, இவள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். "யாரும் வாங்கறதே இல்ல. ரெண்டு செட்டு கெடக்குது. ஒண்ணு ஸ்டீலு. இன்னொண்ணு மேல கறுப்பு நைலான் சுத்துனது."

இரண்டையும் ஒவ்வொரு கிடாரில் மாட்டித் தட்டிக் காட்டினார். கறுப்பு, 'தும்' என்றது. மாரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதான்! அப்படியே எங்கண்ணன்!"

ஸ்டீல் கொஞ்சம் நீளமாக இழுத்தது. "புதுசுல அப்படித்தான்," என்றார் கடைக்காரர். "மங்கறதுக்கு ஒரு வருசம் ஆவும்."

வீட்டில் இருந்த உடம்புக்கு அந்த ஒரு வருஷம் கிடையாது. ஜெயப்ரியா இரண்டையும் துப்பட்டா நுனியால் துடைத்தாள். கச்சேரி முடிந்து அப்பா வந்ததும் கம்பி துடைப்பது சின்ன வயதிலிருந்து அவள் வேலை. இரண்டிலும் துணி சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் துணியை முகர்ந்தாள். கறுப்பில் ஒன்றுமில்லை. ஸ்டீலில் இரும்பு வாசம் இருந்தது.

"இதையே குடுங்க."

"கண்ணு, சத்தம் அதுலதான…"

"அப்பா சோறு ஊட்டுனா இந்த வாசம்தான் வரும் சித்தப்பா."

திரும்பி வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. திம்மப்பன் மாட்டி, சுருதி கூட்டி, தட்டினார். 'தும்ம்ம்' என்றது. நல்ல சத்தம். வால் மட்டும் கொஞ்சம் நீளம்.

மங்கம்மா தலையை அசைத்தாள். இல்லை.

ஜெயப்ரியா கடையின் கவரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கறுப்பை வாங்கியிருக்கலாம் என்று மாரிசாமி சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது மங்கம்மாவே வேட்டி ஓரத்தை விட்டாள். எழுந்து உள்ளே போய், கதவு ஆணியில் மாட்டியிருந்த அவருடைய கம்பெனிச் சட்டையை எடுத்து வந்தாள். அதன் கையை நாலாக மடித்து, கம்பிகள் வந்து முடிகிற இடத்தில் அடியில் செருகினாள். இடத்தைத் தேடவில்லை.

"நைட் ஷிப்டு முடிஞ்சி வந்து நான் படுத்திருப்பேன். எழுப்பிடக் கூடாதுன்னு இப்படித்தான் வச்சி வாசிப்பாரு. நான் எந்தக் கச்சேரிக்குப் போனேன்? எனக்குத் தெரிஞ்சது இதான்." திம்மப்பனைப் பார்த்தாள். "இப்பத் தட்டுங்கண்ணா."

தும்.

"ம். தூக்குங்க."

தூக்கினார்கள். ஒயர் வாசற்படி வரைதான் எட்டியது. திம்மப்பன் அங்கேயே நின்று வாசித்தார். பாடை தெருமுனை திரும்பும்வரை ஜெயப்ரியா அதைப் பார்க்கவில்லை. சட்டைக் கையில் தொங்கிய பித்தான் ஒவ்வொரு தட்டுக்கும் இலேசாக நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த எனக்கு, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் வேலையில் இரண்டு காதும் போய் அப்போதே பத்து வருஷம் ஆகியிருந்தது.