தவறி விழுந்த ஆமென்

1

இந்தக் கதை, தவறான இடத்தில் விழுந்த ஓர் ஆமெனிலிருந்து முளைத்தது. நான் ஆரம்பித்ததோ இப்படி: ‘விடியலின் பொன்னொளியில் தேவாலயக் கோபுரம்...’

(வேண்டாம். நம் ஆள் கோபுரத்தை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. தேவாலயத்தின் ஒலிபெருக்கிக்காரர், ஒயரைத்தான் பார்ப்பார்.)

2

மைக் கீச்சிட்டால் போதும், அவருக்குள் ஒரு குரல் கிளம்பிவிடும்: நீ எதற்கும் லாயக்கில்லாதவன். சோறு குழைந்தாலும் கிளம்பும். மைத்துனர் போனை எடுக்காவிட்டாலும் கிளம்பும். (உலகமே இவர் தலையில்தான் சுற்றுகிறதா என்று கேட்க நாக்கு துடிக்கிறது. கேட்டால் அதற்கும் உடைந்துபோவார்.)

அன்று ஆராதனை முடிந்ததும் ஒலி அறைச் சாவியைப் போதகரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவுகட்டி வந்திருந்தார். அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு பிடிமானம் இல்லை.

3

மௌன ஜெபம். போதகரின் மைக்கை அணைத்தார். சோதித்துப் பார்க்க வைத்திருந்த தன் மைக்கை அணைக்க மறந்தார்.

"ஆண்டவரே, நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்."

முணுமுணுப்புதான். நாலு ஒலிபெருக்கிப் பெட்டியிலும் கணீரென்று கேட்டது. ஆமென் சொல்லிப் பழகிய சபையின் வாய் சும்மா இருக்குமா?

"ஆமென்" என்றது சபை, ஒரே குரலில்.

(இங்கே வானத்திலிருந்து ஓர் ஒளி இறங்குவதாக எழுதி அடித்துவிட்டேன். இறங்கியது மனைவி, மாடி இருக்கையிலிருந்து.)

4

சாவியும் கையுமாகப் போதகரைத் தேடி ஓடியவரை வாசலில் மறித்தாள்.

"நானும்தாங்க ஆமென் சொன்னேன்."

"நீயுமா?"

"யாரு, என்ன சொன்னாங்கன்னு யோசிக்கல. வாய் தானா சொல்லிடுச்சு. நீங்க மட்டும் என்னவாம்? உள்ள ஒரு குரல் சொல்றதுக்கெல்லாம் யோசிக்காமத்தானே தினமும் ஆமென் போடுறீங்க?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, நான் சொன்ன ஆமென வாபஸ் வாங்கிக்கிறேன். இவர நீர்தான் படைச்சீர். வீணா படைக்கிற ஆள் நீர் இல்ல." ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ம், இதுக்குச் சொல்லுங்க."

5

முதல் முடிவு: சொன்னார், குரல் ஒழிந்தது. (பொய். நாளைக்கும் சோறு குழையும், குரலும் வரும்.)

இரண்டாம் முடிவு: சாவியைக் கொடுத்துவிட்டு... (என்னால் முடியாது. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.)

ஆகவே அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். "ஆ..." வரை வந்துவிட்டார். சபையில் யாரும் ஆமெனைத் தனியாகச் சொல்வதில்லை. நீங்களும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளுங்கள், இந்த முறை எதற்குச் சொல்கிறோம் என்று தெரிந்து.