பூனை தின்ற ஓர் இஞ்ச்

டெய்லரின் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. "இங்கே தைத்த துணிக்கு ஆல்ட்டர் கிடையாது." புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் தயங்குவார்கள். "செய்ய மாட்டேன்னு அர்த்தம் இல்ல சார், செய்யற நிலைமை வராதுன்னு அர்த்தம்" என்று டெய்லர் விளக்குவார். இருபத்தேழு வருடமாக அந்த நிலைமை வரவில்லை. எதிர்வரிசைத் துணிக்கடைக்காரர்கூட, தன் கடைத் துணி சாயம் போகாது என்று சத்தியம் செய்யும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்துவார். டெய்லர் தன் அளவைப் பற்றிப் பேசும்போது குரல் ஏறும். கண் ஏமாற்றும், கை ஏமாற்றும், டேப் ஏமாற்றாது என்பது அவருடைய வேதம்.

கடை இரண்டு தையல் மெஷின் அகலம்தான். ஆளைக் கடையில் அளப்பார், துணியை வீட்டில் வெட்டுவார். முன்னறையை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது வெட்டும் மேசை. கடைக்கு ஒரு டேப், வீட்டுக்கு ஒரு டேப். கழுத்தில் டேப்போடு தெருவில் நடப்பது பாம்பாட்டி மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னதிலிருந்து இந்த ஏற்பாடு.

அந்த வீட்டுக்கு மூன்று மாதம் முன்பு இரண்டு பேர் குடிவந்தார்கள். ஒருவர் மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றது அவர் கூடையில் தூக்கிவந்த சாம்பல் நிறப் பூனை. சத்தமில்லாமல் வந்து எதிரே நிற்கும் என்பதால் அதற்கு அவர் வைத்த பெயர் செக்கிங். கண்டக்டர் வேலையில் அவர் பயந்தது டிக்கெட் செக்கிங்குக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான். இப்போது அதே பெயரை மடியில் போட்டுத் தடவிக்கொடுத்தார்.

செக்கிங்குக்கு ஒரு குணம். பாலை மூக்கால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், பிளாஸ்டிக்கைக் கண்டால் விடாது. முதல் வாரம் போன் சார்ஜர் ஒயர். அப்புறம் டிவி ரிமோட்டில் சத்தம் குறைக்கும் பட்டன் மட்டும். அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தம் ஏறத்தான் செய்தது. பிறகு மனைவியின் செருப்பு வார், குடைக் கைப்பிடி, கடைசியாக டெய்லரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு கால். ஒற்றைக் கால் கண்ணாடியை மூக்கில் நிறுத்திக்கொண்டு டெய்லர் அன்று சொன்னார்:

"மச்சான், இதான் கடைசி. இன்னும் ஒரு பொருள்ல பல் தடம் பாத்தேன்னா, பூனை வெளிய போகும்."

"தனியா அனுப்பிடுவீங்களா மாப்ள?"

"கூட யார் போனாலும் நான் தடுக்க மாட்டேன்."

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "போறதுன்னா ரெண்டு பேரும் போங்க. எனக்கு ஞாயித்துக்கிழமையாவது வேலை குறையும்" என்றாள். யாரை யாரோடு சேர்த்தாள் என்பது இரண்டு ஆண்களுக்கும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் ஒரு பொருளும் கடிபடவில்லை. பயமுறுத்தினால் பூனையும் திருந்தும் என்று டெய்லர் கடையில் நாலு பேரிடம் சொன்னார்.

அந்த வாரம்தான் வக்கீலின் கோட்டு வேலை வந்தது.

வக்கீலுக்கு ஊரில் குறுக்கு வக்கீல் என்று பெயர். குறுக்கு விசாரணை என்று எழுந்தால், எதிர்த்தரப்புச் சாட்சி தன் அப்பா பெயரையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவான். அவரை இப்போது நீதிபதியாக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதவியேற்பு. அதற்கென்று நல்ல கறுப்புத் துணியைத் தானே பார்த்து வாங்கிவந்து, கடையில் நின்று அளவு கொடுத்துவிட்டுப் போனார். "இத்தனை வருஷமா எத்தனையோ கோட்டு போட்டாச்சு. இது ஒண்ணு மட்டும் எல்லாரும் பாக்கப் போறாங்க" என்றார். தொழில் சுத்தமானவரிடம் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டும்போது டெய்லரின் கண்ணுக்கு முன்பக்கத் துண்டு கொஞ்சம் ஒல்லியாகத்தான் பட்டது. கத்தரியை நிறுத்தி மறுபடி அளந்தார். பதினொன்று. சரியாகத்தான் இருந்தது. கண்ணாடி புதுசு, அதனால் இருக்கும் என்று கண்ணைத் திட்டிவிட்டு வெட்டினார்.

வியாழக்கிழமை காலை, வக்கீல் போட்டுப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார். கண்டக்டர் மச்சான் மரியாதையாக நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, பூனையைத் தோளில் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

கோட்டு தோளில் ஏறியது. இறங்கவில்லை. கையை நீட்டினால் மணிக்கட்டு எலும்பு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. பட்டனைப் பிடித்து இழுத்தார் வக்கீல். பட்டனுக்கும் துளைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் வெள்ளைச் சட்டை சிரித்துக்கொண்டிருந்தது.

டெய்லர் கோட்டின் காலரைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ வேறொருவர் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் வீட்டில் இருந்ததே அந்த ஒரு கோட்டுதான்.

"சார், கொஞ்சம் மூச்ச விடுங்க."

"விட்டதாலதான் இந்த நிலைமை" என்றார் வக்கீல்.

டெய்லர் மேசையிலிருந்த டேப்பை உருவி வக்கீலின் வயிற்றைச் சுற்றினார். நாற்பத்து மூன்று. நோட்டைப் புரட்டினார். கடையில் எழுதியது நாற்பத்து இரண்டு.

"ஒரு இஞ்ச் கூடியிருக்கு சார்" என்றார், ஆறுதல் சொல்கிற மாதிரி. தப்பு வயிற்றின் பக்கம் நகர்ந்ததில் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

வக்கீலின் புருவம் ஏறியது. "பத்து நாள்லயா? நேத்து டாக்டர்கிட்ட போனேன். எடை குறைஞ்சிருக்குன்னு சொன்னாரு."

"டாக்டர் மெஷின்ல பாக்கறாரு சார். நான் டேப்ல பாக்கறேன்."

"சரி, கோட்ட அளங்க."

கோட்டைக் கழற்றி மேசையில் விரித்தார். ஒரு துண்டு, தையலிலிருந்து தையலுக்குப் பதினொன்று. அடுத்ததும் பதினொன்று. நாலு துண்டுக்கும் அதேதான். நாலு பதினொன்று நாற்பத்து நான்கு. நாற்பத்து நான்கு இஞ்ச் கோட்டு நாற்பத்து மூன்று இஞ்ச் ஆளுக்கு மூன்று விரல் பற்றவில்லை.

டெய்லர் மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார். அதே பதினொன்று. இருபத்தேழு வருடத்தில் டேப்பும் துணியும் ஒன்றையொன்று எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. பட்டப்பகலில், சொந்த வீட்டில், சொந்த மேசை முன்னால், கூட்டல் மறந்துபோனவர் மாதிரி நின்றார். நாளைக்குப் பதினொரு மணி. ஊரே பார்க்கப் போகிற கோட்டு.

வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. பழக்கம்தான் இருந்தது.

"கோட்டு பொய் சொல்லல. போட்டுப் பாத்தோம். என் வயிறு பொய் சொல்லல. டாக்டர் இருக்காரு. நோட்டு நீங்க எழுதினது. மிச்சம் ஒரே ஒரு சாட்சிதான்."

"டேப்பா? டேப் எப்படி சார்..."

"நடுவுலேருந்து கேட்டா எல்லா சாட்சியும் சரியாத்தான் சொல்லுவான். ஆரம்பத்துலேருந்து கேக்கணும். சொல்லச் சொல்லுங்க."

டெய்லர் டேப்பின் பித்தளை முனையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல வாசித்தார். "ரெண்டு, மூணு, நாலு..."

சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது.

முனையைக் கண்ணருகே கொண்டுபோனார். பித்தளைக் கவ்வி முடிந்ததும் நிற்க வேண்டியது ஒன்று. அங்கே இரண்டு நின்றது. ஒன்றைக் காணவில்லை. வெட்டு சுத்தமாக, நேர்கோடாக இருந்தது. கவ்வியை யாரோ கழற்றி, குறடால் நெருக்கி, மறுபடி மாட்டியிருந்தார்கள். துண்டுக்கு ஒரு இஞ்ச் குறைவு. நாலு துண்டுக்கு நாலு. கையில் ஒன்று, நீளத்தில் ஒன்று.

சமையலறை வாசலில் ஓர் இருமல் கேட்டது.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்லணும்."

டெய்லர் திரும்பினார். மச்சானின் முகம் வெளுத்திருந்தது. தோளிலிருந்த பூனையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"போன வாரம் நீங்க கடைக்குப் போனப்புறம் இது மேசை மேல ஏறிடுச்சு. நான் பாக்கறப்ப முனை பூரா நார் நாரா கிடக்கு. நீங்கதான் சொல்லியிருந்தீங்களே, பல் தடம் பாத்தா வெளியன்னு. அதான் ஒண்ணுங்கிற கோடு பாத்து நேரா வெட்டி, அந்தப் பித்தளைய மாட்டிவிட்டேன்."

"ஒரு இஞ்ச வெட்டினீங்களா?"

"முதல் இஞ்சுதானே மாப்ள. ஒரு இஞ்ச் இடுப்பு யாருக்கு இருக்கு? யாரும் உபயோகப்படுத்தாத இஞ்சுன்னு நினைச்சேன்."

வக்கீல் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

"டிக்கெட் கட்டுல முதல் டிக்கெட்டக் கிழிச்சா மத்த டிக்கெட்டோட நம்பர் மாறுமா?" என்றார் மச்சான், அப்பாவியாக. "நாப்பது நாப்பதாத்தானே இருக்கும்."

டெய்லருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. முப்பது வருடம் மக்களை ஏற்றி இறக்கிய ஒரு மனிதருக்கு டேப் என்பது டிக்கெட் கட்டாகத் தெரிந்திருக்கிறது. அவர் பக்கத்து நியாயத்தில் ஓட்டை தேடிப் பார்த்தால் உடனே அகப்படவும் இல்லை. அதுதான் அவரை இன்னும் கலக்கியது.

"கடிச்ச டேப்ப அப்படியே போட்டிருந்தா நான் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கியிருப்பேன் மச்சான்" என்றார் கடைசியில். "பூனை செஞ்சது கண்ணுக்குத் தெரியும். நீங்க செஞ்சது தெரியாது. நேரா வேற வெட்டியிருக்கீங்க."

"கிளம்பிடறோம் மாப்ள. மத்தியானம் ஒரு பஸ் இருக்கு."

"உக்காருங்க. பிளேடு எடுங்க. அந்தப் பக்கத் தையலப் பிரிங்க."

வக்கீல் எழுந்தார். "முடியுமா?"

டெய்லர் கோட்டைப் புரட்டி, உள்ளே விட்டிருந்த தையல் மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். நல்லவேளை, மடிப்பில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. இதை இப்போது அவர் அந்தக் குட்டை டேப்பால் அளக்கவில்லை, கட்டைவிரலால் அளந்தார்.

"கை நீளம் வந்துரும் சார், கீழயும் வந்துரும். சுத்தளவுல மூணு இஞ்ச் எடுத்துடலாம். நாலாவது இஞ்சுக்குத் துணி இல்ல. பட்டன் போட முடியும். போட்டா..." நிறுத்தினார். இருபத்தேழு வருடமாகச் சொல்லாத வார்த்தை அடுத்ததாக வரிசையில் நின்றது. "போட்டா மூச்சு விட இடம் இருக்காது. தப்பு என்னோடது சார். வெட்டறப்பவே கண்ணு சொல்லுச்சு. நான் கேக்கல."

வக்கீல் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எத்தனையோ நீதிபதிங்க முன்னாடி மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். எனக்காக ஒரு தடவை பிடிக்க மாட்டேனா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, ஒரு காலைத் தூக்கிப் பார்த்து, வார் முழுசாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு போனார்.

மத்தியானம் முழுக்க இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தையல் பிரித்தார்கள். சாப்பாட்டுக்கு வந்த மனைவி நடந்ததைக் கேட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒரு இஞ்ச் இடுப்பா" என்று ஒருமுறை முணுமுணுத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க கடைக்கு வர்ற கால்நடை டாக்டர்கிட்ட அன்னிக்கே கேட்டேன். வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிற பூனை பொழுது போகாமத்தான் கடிக்குமாம். காலையில அரைமணி, சாயங்காலம் அரைமணி கூட ஓடி விளையாட ஆள் வேணுமாம். ஒயரெல்லாம் எட்டாத இடத்துல வைக்கணுமாம். ரெண்டு பேருக்கும் பொழுது போகல, ஒருத்தன் கடிக்கிறான், ஒருத்தன் வெட்டறான்."

"என்கிட்ட ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார் டெய்லர்.

"சொல்ல வந்தேன். ரிமோட்டுல சத்தம் குறையல."

டெய்லர் பிளேடை வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தார். "பூனை இருக்கட்டும். இனிமே அது எதைக் கடிச்சாலும் கடிச்ச மாதிரியே என் முன்னாடி கொண்டுவந்து வைங்க. அழகுபடுத்தாதீங்க."

மச்சான் தலையாட்டினார். பிரித்த நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பூனை வாய்க்குப் போய்விடக் கூடாது என்று. அதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பதவியேற்பு மண்டபத்தில் டெய்லருக்கு மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. எல்லோரும் மேடையில் வக்கீலின் முகத்தைப் பார்த்தார்கள். டெய்லர் நடு பட்டனைப் பார்த்தார். அது துளைக்குள் இருந்தது, ஆனால் அங்கே இருப்பதில் அதற்கு விருப்பம் இல்லை என்பது தைத்தவனுக்குத் தெரியும். உறுதிமொழி முக்கால் பக்கம். முதல் வரி வந்ததும் டெய்லர் தன் மூச்சை நிறுத்தினார். வக்கீல் எங்கேயும் நிற்காமல், ஒரே இழுப்பில், கணீரென்று படித்தார். நாலாவது வரியில் பட்டன் லேசாக அசைந்தது. டெய்லரின் காது அடைத்தது. ஏழாவது வரியில் மண்டபம் மங்கலாகத் தெரிந்தது. கடைசி வார்த்தை முடிந்தது. கைதட்டல் எழுந்தது. புதிய நீதிபதி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது பட்டனைக் கழற்றிவிட்டார்.

பக்கத்து நாற்காலிக்காரர் டெய்லரின் தொடையைத் தட்டினார்.

"என்ன ஒரு உறுதி பாத்தீங்களா. நடுவுல மூச்சே விடல. நெஞ்ச நிமித்தின நிமித்துல அப்படியே நின்னாரு. நீதிபதின்னா இப்படில்ல இருக்கணும்."

டெய்லர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் இன்னும் மூச்சு விட ஆரம்பித்திருக்கவில்லை.