தலா வருமானம்

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'நூறு வருஷம்'. விலைவாசியைப் பற்றிக் கேட்டாலும் வேலையின்மையைப் பற்றிக் கேட்டாலும், "நூறு வருஷத்தை வெச்சுப் பாருங்க" என்றுதான் பேராசிரியர் ஆரம்பிப்பார். கேண்டீனில் தேநீர் தாமதமானால், "நூறு வருஷத்துல வந்துடும்டா" என்று பையன்கள் சிரிப்பார்கள். அது காதில் விழுந்தாலும் அவர் கோபப்படுவதில்லை. உள்ளுக்குள் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தே இருந்தது.

அவருடைய ஆய்வும் அப்படிப்பட்டது. பெரிய ஆலை மூடப்பட்ட நாற்பது ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் பிறகு என்ன ஆயிற்று என்று பழைய பதிவேடுகளின் வழியே பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்து பார்த்தார். மானியம் கொடுத்து ஆலையை முட்டுக்கொடுத்து நிறுத்திய ஊர்கள் தேங்கிப்போயிருந்தன. மூடவிட்ட ஊர்களில் தலா வருமானம் முதலில் சரிந்து, பிறகு மெல்ல எழுந்து, பழைய உயரத்தையும் தாண்டியிருந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை ஒரே கோடாக வரைந்து, சட்டம் போட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்தார். பள்ளத்தாக்கில் இறங்கி மலையேறும் ஒற்றையடிப் பாதை மாதிரி இருக்கும். மனம் சோர்ந்த நாட்களில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருடைய அக்காவின் ஊரில் இருந்தது ஒரே ஒரு தொழிற்சாலை, பாட்டில் செய்யும் கண்ணாடித் தொழிற்சாலை. அதன் உலைக்கு எரிபொருள் மானியத்தை நீட்டிக்கலாமா என்று முடிவுசெய்யும் குழுவில் அரசாங்கம் அவரைப் போட்டிருந்தது. அக்காவின் கணவர் அங்கேதான் வேலை செய்கிறார் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். "அதனால என்ன சார், உங்க கோடு எல்லாருக்கும் பொதுதானே" என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா மகள் அவருடைய கல்லூரியில் படித்தவள் என்பதால் பட்டப்பெயர் அந்த வீடுவரை வந்திருந்தது.

"வாங்க மச்சான், நூறு வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார் அத்தான்.

"அவர் கெடக்கார், நீ உக்காருடா" என்றாள் அக்கா. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நின்றாள். "நாங்க உன்கிட்ட சிபாரிசு கேக்கல. ஆனா உலையை ஒரு தடவை அணைச்சா அதோட கதை முடிஞ்சுது. அது உனக்குத் தெரியணும்."

"உள்ள இருக்கிற கண்ணாடி உறைஞ்சு செங்கல்லையே பொளந்துடும். மறுபடி பத்த வெக்க அது என்ன அடுப்பா?" என்றார் அத்தான்.

"கொஞ்ச காலம் கஷ்டமாத்தான் இருக்கும் அத்தான். அப்புறம் ஊரே எழுந்து நிக்கும். நான் பார்த்த ஊர் எல்லாம் அப்படித்தான்."

"எப்ப நிக்கும்?"

"ஒரு இருபது, இருபத்தஞ்சு வருஷத்துல."

அத்தான் சத்தமாகச் சிரித்தார். "அப்ப நான் போட்டோவுல தொங்கிட்டிருப்பேன். பரவால்ல, செவுத்துல இருந்தே எட்டிப் பாத்துக்கறேன்."

"வாயைக் கழுவுங்க" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அந்தச் சிரிப்பு பேராசிரியரை உறுத்தியது. எழுந்து நின்ற ஊர் ஒன்றைப் பிடித்து, அங்கே கடைகள் எப்படி வந்தன, பள்ளிக்கூடம் எப்படி நிறைந்தது என்று அத்தானுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மறுநாள் கணினியில் நாற்பது ஊர்களையும் திறந்து, அக்கா ஊரைப்போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இத்தனை காலமும் அவர் பார்த்தது மொத்த வருமானத்தை ஜனத்தொகையால் வகுத்துக் கிடைத்த விடையைத்தான். வகுப்பதற்கு முந்தைய இரண்டு எண்களை அன்றுதான் பார்த்தார்.

ஊரின் மொத்த வருமானம் பாதியாகக் குறைந்திருந்தது. ஊரின் ஜனத்தொகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

அடுத்த ஊரைப் பார்த்தார். அதற்கடுத்ததை. ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். எந்த ஊரும் எழுந்து நிற்கவில்லை, ஆட்கள் போயிருந்தார்கள். வேலை இல்லாதவர்கள் கிளம்பிப்போக, நிச்சயமான சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள சிலர் மிஞ்சியிருந்தார்கள். போனவர்கள் எங்கே போனார்கள், பிழைத்தார்களா என்பதற்கு அவரிடம் ஒரு தகவலும் இல்லை. மானியம் வாங்கிய ஊர்கள் தேங்கியதாகத் தெரிந்ததும் இதனால்தான், அங்கே எல்லோரும் இருந்தார்கள். தலைக்கு வகுப்பது அவர் தொழிலில் சாப்பிடுமுன் கை கழுவுவதைப்போல. செய்வார்கள், உடனே மறந்துபோவார்கள்.

சுவரிலிருந்த மலைப்பாதையைப் பார்த்தார். அதில் ஏறியவர் என்று ஒருவர்கூட இல்லை.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். "நான் தப்பு பண்ணிட்டேன். மொத்த வருமானம் ஏறல. ஆள் குறைஞ்சிருக்காங்க, அவ்வளவுதான். இதை வெச்சு மானியத்தை நிறுத்தக் கூடாது."

குழுத் தலைவர் மென்மையாகப் பேசுபவர், ஓய்வுபெற்ற அதிகாரி.

"எவ்வளவு நேர்மை சார் உங்களுக்கு! ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போனவங்க கெட்டுப்போனாங்கன்னு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நல்லாவும் இருந்திருக்கலாம், இல்லையா?"

ஆதாரத்தைத் தாண்டி ஒரு வார்த்தைகூடப் பேசாதே என்று முப்பது வருடம் பாடம் நடத்திய வாய் அது. "இருந்திருக்கலாம்" என்றார்.

"பாத்தீங்களா, இப்பதான் விஷயமே தெளிவாகுது. ஜனங்க கிளம்பினா ஊருக்கு நல்லது. கிளம்பறதுக்கு நாம உதவி பண்ணணும். லாரி வாடகைக்கு ஒரு தொகைன்னு ஒரு பத்தி சேர்த்துடலாம்."

"நான் அதைச் சொல்லல. என் மறுப்பை எழுதித் தரேன்."

"தாராளமா தாங்க சார். பின்னிணைப்புல போட்டுடலாம்" என்றார் தலைவர். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அறிக்கை வெளிவந்தது. 'பேராசிரியரின் திருத்தப்பட்ட ஆய்வின்படி' என்று தொடங்கியது அதன் முதல் பக்கம். பின்னிணைப்பு வரைக்கும் யாரும் புரட்டவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் உலையை அணைத்தார்கள்.

அக்கா வீட்டு வாசலில் லாரி நின்ற அன்று அவர் போனார். தெருவில் பாதி வீடுகளுக்குப் பூட்டு. அக்கா பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"நாங்க போனா ஊரு நல்லா வரும்னு எழுதியிருக்காமே. உன் பேரைப் போட்டு."

"அக்கா, நான் சொன்னது வேற. அவங்க அதை..."

"வருமா, வராதா?"

பேராசிரியர் தெருக்கோடி வரைக்கும் பூட்டிய கதவுகளைப் பார்த்தார். இந்தப் பொய் மட்டும் கணக்கில் எப்போதும் மெய்யாகவே விழும்.

"தலைக்குப் பாத்தா, வரும்" என்றார்.

அக்கா முடிச்சை இறுக்கினாள். அத்தான் உள்ளேயிருந்து கட்டிலை வாசல்வரை இழுத்து வந்திருந்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க மச்சான்" என்றார்.

பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுமுனையைத் தூக்கினார். லாரியை நோக்கி, பின்னால் பார்க்காமல், பின்னோக்கியே நடந்தார்.